ஒயர் கூடையில் வந்த எண்ணெய்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். யூராலஜி ஓ.பி. முடிந்ததும் புராஸ்டேட், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் சுரப்பி, அதில் புற்றுநோய் வந்தவர்கள் என் அறைக்கு வருவார்கள்.

அன்றைக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், எழுபதைத் தொட்டவர், மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மா ஒயர் கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். அடியில் கசடு படிந்திருந்தது.

"இதுல என்ன இருக்குன்னு பாருங்க தாயி. நாப்பது வருசமா நான் ஊத்துனதுதான்."

முந்தின மாதம் நான் கொடுத்த உணவுச் சீட்டில் ஒரு வரி: 'கொழுப்பு அதிகமுள்ள உணவு இந்த நோயை வரவழைக்கும்.' எப்போதோ யாரோ டைப் செய்தது. நானும் யோசிக்காமல் நீட்டிக்கொண்டிருந்தேன். பேரன் அதை வாசித்துக் காட்டியிருக்கிறான். அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பே கிடையாதாம். பெரியவர் மூன்று கிலோ இறங்கியிருந்தார்.

அந்த வரி வந்த வழி எனக்குத் தெரியும். கொழுப்பை அதிகம் தின்னும் நாடுகளில் இந்த நோய்ச் சாவும் அதிகம் என்ற பழைய ஒப்பீடுகள். பிறகு 1993இல் அமெரிக்க ஆய்வொன்று முற்றிய நோயையும் கொழுப்பையும், முக்கியமாகச் சிவப்பிறைச்சியையும் முடிச்சுப் போட்டது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்த முடிச்சு இறுகவில்லை. 2013இல் இன்னும் வேடிக்கை. ரத்தத்தில் ஒமேகா 3, அதாவது மீன் கொழுப்பு, கூடுதலாக இருந்தவர்களிடம் நோய் அதிகம் என்றது ஓர் ஆய்வு. நோய் வந்தபின் மாவுச்சத்தைக் குறைத்துத் தாவர எண்ணெய், கொட்டை வகைகளைச் சேர்த்தவர்களிடம் இந்த நோயால் சாவு குறைவு என்றது இன்னொன்று. இரண்டுமே கவனித்துக் குறித்துக்கொண்டவை, கொடுத்துப் பார்த்தவை அல்ல. அப்படிக் கொடுத்தே பார்த்த சோதனையின் முடிவு 2018இல் வந்தது. சுமார் 26,000 பேரில் பாதிப் பேருக்கு ஒமேகா 3 மாத்திரை, புற்றுநோய் குறையவில்லை.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வழக்கமான கேள்விகளுக்கு வந்தேன். அண்ணனுக்கும் இதே நோய் இருந்ததாகப் பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார். சரி, வயதும் குடும்பத்து ரத்தமும்தானே இந்த நோய்க்குப் பெரிய காரணங்கள்.

"அண்ணன் வீட்டுலயும் நீங்களா சமைச்சீங்க?" என்றேன்.

"அவுக அடுப்பு வேற தாயி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அந்த அம்மா முந்தானையால் பாட்டில் மூடியைத் துடைத்தார்.

பெரியவருக்கு இந்த நோய்க்காக, ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. அது சதையைக் கரைக்கும், எலும்பைத் தேய்க்கும், வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும். பட்டினி ஆகாது. டால்டாவும் காய்ச்சிய எண்ணெயை மறுபடி காய்ச்சுவதும் வேண்டாம், அதுகூட இதயத்துக்காக; மற்றபடி மாதம் ஆளுக்கு அரை லிட்டர் சுற்றி ஊற்றுங்கள், பருப்பும் முட்டையும் சேருங்கள் என்று அனுப்பினேன்.

அச்சடித்த சீட்டுக் கட்டில் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடித்திருப்பதைத்தான் படிக்கப் பார்க்கிறார்கள்.