ஃபில்டரில் உள்ள துளை

"இது லைட்டுதான்டா, ஒண்ணும் பண்ணாது" என்றபடி சிகரெட்டைப் பற்றவைத்தான் நண்பன்.

என் கண் அவன் விரலில். ஃபில்டரைச் சுற்றி ஊசிமுனை அளவில் ஒரு வரிசைத் துளைகள்; சரியாக அதன்மேல் விரல்.

தார், அதாவது புகையில் உள்ள பிசுபிசுப்பான நச்சுப்பொருள், குறைவு என்று காட்டுவதே அந்தத் துளைகள்தான். தாரை அளக்கும் சோதனை இயந்திரம் இழுக்கும்போது காற்று புகுந்து புகை நீர்த்துவிடும். இயந்திரத்துக்கு விரலும் இல்லை, உதடும் இல்லை, நிக்கோட்டின் ஏக்கமும் இல்லை!

மனிதன் துளையை அடைக்கிறான். போதாததற்கு ஆழமாக இழுக்கிறான். நுரையீரலின் அடிவரை போகிறது புகை. அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் கூடியதில் இந்தத் துளைகளுக்கும் பங்கிருக்கலாம் என்றது 2014இல் வந்த அமெரிக்க அரசு அறிக்கை.

அங்கே 2010 முதல் பெட்டியில் 'லைட்', 'மைல்டு' என்று போடத் தடை. கம்பெனிகள் சளைத்தவர்களா? தங்க நிறம், வெள்ளி நிறம் என்று பெட்டியை மாற்றினார்கள். பழைய ஆட்கள் நிறத்தைப் பார்த்தே வாங்கிப் போனார்கள்.