குடியிருந்துகிட்டே வீட்டு வேலை

கோபிசெட்டிபாளையம் பக்கத்துல எங்க பழைய ஓட்டு வீட்டை நானும் எங்க ஊட்டுக்காரரும் நாங்களே சரி பண்ணிட்டிருக்கோமுங்க. சமையல் இப்ப திண்ணைல, அது பழகிருச்சு. எனக்குக் கவலையெல்லாம் தூசிதான், ஏன்னா வீட்டு பெயிண்ட்ல காரீயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்கைத் தாண்டக்கூடாதுங்கற விதி 2017லதான் அமலுக்கு வந்துச்சு, எங்க ஜன்னல்ல இருக்கறது அதுக்கெல்லாம் ரொம்ப முந்தினது, காஞ்சபடியே தேய்ச்சா அந்தப் பொடி பாப்பா வாய்க்குத்தான் போகும். அதனால தண்ணி தெளிச்சு ஈரத்தோடதான் உப்புத்தாள் போடறோம், அந்நேரம் பாப்பா அவ அம்மாயி ஊட்டுல இருப்பா, வேலை முடிஞ்சா வெளக்குமாறு தொடறதில்ல, ஈரத்துணிதான். சுவத்துக்கு சிமெண்ட் பூசச் சொல்றாங்க எல்லாரும். வேண்டாமுங்க, சுண்ணாம்புச் சுவரு ஈரத்தை வெளிய விடும், சிமெண்ட் உள்ளயே அடைச்சு வெச்சுரும், நாங்க சுண்ணாம்பேதான் பூசப்போறோம்.