ரெம்ஷைட்: ஸ்பேனர் செய்யும் மலையூர்

ஜெர்மனியின் வுப்பர்டாலில் எஸ்7 ரயில் ஏறி ரெம்ஷைட் தாண்டினால் மியுங்ஸ்டன் பாலம் வரும். வுப்பர் ஆற்றுக்கு 107 மீட்டர் உயரத்தில், 1897ல் திறந்த எஃகு வளைவுப் பாலம். ஜெர்மனியில் இதைவிட உயரமான ரயில் பாலம் கிடையாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சோலிங்கன், கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போன ஊர். இந்தப் பக்கம் ரெம்ஷைட்டில் அரம், ரம்பம், ஸ்பேனர். சோலிங்கன் வரை போய்ப் பாலத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, திரும்பும்போது ரெம்ஷைட்டில் இறங்கினேன்.

மலைச்சரிவில் ஏறி இறங்கும் தெருக்கள். இந்தப் பள்ளத்தாக்குகளில் ஓடை அதிகம். அந்தக் காலத்தில் ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்ற, சக்கரம் சம்மட்டியைத் தூக்கிப் போட, இரும்பு அடித்தார்கள். 1868ல் தொடங்கிய ஹாசெட், 1919ல் தொடங்கிய கெடோரே என்ற இரண்டு கருவி நிறுவனங்களுக்கும் இதுதான் சொந்த ஊர். ஹாஸ்டன் பகுதியில் கருவிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பட்டறை வேலையில் பிரியம் உள்ளவர்கள் அரை நாளாவது ஒதுக்குங்கள்.

‘மேட் இன் ஜெர்மனி’ என்ற முத்திரையின் கதையை இந்த ஊரில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1876 பிலடெல்பியா பொருட்காட்சியில் நடுவராக இருந்த ஜெர்மன் பேராசிரியர் ஃப்ரான்ஸ் ரூலோ, தன் நாட்டுச் சரக்கையே ‘மலிவு, மட்டம்’ என்று எழுதினார். சோலிங்கன் கத்திகள் சில, கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டின் பெயரைப் போட்டுக்கொண்டு விலைபோன காலம் அது. 1887ல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்து, இப்படி வரும் வெளிநாட்டுச் சரக்கில் பிறந்த நாட்டைக் குறிக்க வைத்தது. ஏமாறாதே என்று வாங்குபவரை எச்சரிக்கத்தான். அதே முத்திரைக்கு இன்று கூடுதல் விலை கொடுக்கிறோம் என்றால், நடுவில் எஃகிலும் பதத்திலும் அளவிலும் இவர்கள் போட்ட உழைப்பு அது.

அதனால் நாட்டுப் பெயரை நான் பார்ப்பேன், ஆனால் முதலில் பார்ப்பது போல்ட்டைக் கவ்வும் ஸ்பேனர் வாயைத்தான். கடையில் ஒரு 13 எம்எம் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். வாயின் இரண்டு தாடையும் ஒன்றுக்கொன்று இணையாக, உள்பக்கம் சொரசொரப்பில்லாமல் இருந்தன. குரோம் முலாம் வாய்க்குள் தடித்துத் திரளவில்லை. புது போல்ட்டில் மாட்டி ஆட்டினால் ஆட்டம் மிகக் கொஞ்சம். மறுமுனையில் வளையமாக இருக்கும் ரிங் பக்கத்தின் சுவர் மெல்லியது, இடுக்கில் நுழையும். எஃகு நன்றாக இருந்தால்தான் சுவரை இவ்வளவு மெல்லியதாக விட முடியும். ரிங்கின் உள்முனைகள் போல்ட்டின் மூலையைக் கவ்வாமல் பட்டையில் அழுத்தும்படி வளைத்திருந்தார்கள். இறுகிப்போன போல்ட்டின் தலை உருண்டு போகாமல் காப்பாற்றுவது இந்தச் சின்ன வளைவுதான்.

பெட்டியில் ‘ஜெர்மன் டெக்னாலஜி’ என்று போட்டிருந்தால் அதை ஒரு பொருட்டாக எடுக்காதீர்கள். எங்கே செய்தது என்பதைக் கருவியின் மேலேயே தேடுங்கள். தைவானில் செய்வதும் இப்போது மிக நன்றாக இருக்கிறது, அதை ஒதுக்கத் தேவையில்லை.

அப்புறம், அளவு. அங்கே செட் வாங்கினால் 8, 10, 13, 17, 19 என்று வரும். நம் ஊரில் ஓடும் ஜப்பானிய வழி பைக்குகளுக்கு அடிக்கடி வேண்டியது 10, 12, 14. ஆகவே செட்டை விட்டுவிட்டு இந்த மூன்றை மட்டும் தனித்தனியாக வாங்கினேன். தினமும் கைபடும் அளவுக்குத்தான் அந்த விலை தகும். எப்போதாவது எடுக்கும் 22, 24க்கு ஜலந்தரில் செய்த ஸ்பேனர் போதும். திறந்த வாய் ஸ்பேனருக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 2028 பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், கையோடு ஒரு போல்ட் கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.