ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி

என் மகள் மூன்றாம் வகுப்பு. மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. வகுப்பு வரை சாய்தளம் உண்டு. பின்பக்கத் தாழ்வாரத்திலிருந்து மைதானத்துக்கு இறங்கத்தான் வழியில்லை. ஒன்றரை அடி பள்ளம், அப்புறம் சக்கரம் புதையும் மணல். இடைவேளை முழுக்கத் தூணோரம் இருந்து வேடிக்கை பார்ப்பாள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். "படிக்க வசதி இருக்கில்ல, அது போதாதா?" என்றார் ஒருவர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சிறப்புப் பயிற்றுநர்தான் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவை எடுத்துச் சொன்னார்: கல்வியோடு விளையாட்டும் பொழுதுபோக்கும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும். தீர்மானம் நிறைவேறியது.

பணம் பெரிய தலைவலியாக இல்லை. முன்னாள் மாணவர்கள் சிமென்ட் தந்தார்கள், பெற்றோரில் இரண்டு கொத்தனார்கள் ஞாயிறுதோறும் வந்தார்கள். சொதப்பியது சாய்தளத்தில். இடத்தை மிச்சப்படுத்த ஆறடி நீளத்தில் முடித்துவிட்டார்கள். நாற்காலியைத் தள்ளிப் பார்த்தேன், என்னாலேயே ஏற்ற முடியவில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடிக்குப் பதினெட்டு. முதலிலேயே கேட்டிருக்கலாம். உடைத்துவிட்டு மறுபடி கட்டினோம், இந்த முறை சக்கரம் நழுவாதபடி ஓரத்தில் சின்ன விளிம்பும் வைத்து. கொத்தனாருக்கு என் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு.

பழைய டயர்களில் ஏறி விளையாட ஒரு வரிசை அமைத்தோம். கம்பி வெளியே நீட்டியவற்றைக் கழித்துவிட்டு, மற்றவற்றின் அடியில் மழைத்தண்ணீர் வடிய ஓட்டை போட்டோம். இல்லையென்றால் கொசுப் பண்ணைதான்.

எனக்குப் பெரிய ஆசை பெல்ட் வைத்த ஊஞ்சல். மகளைக் கேட்டால், "எனக்கு மண்ணுல விளையாடணும்" என்றாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. கடப்பா கல்லில் மேசை போட்டு, சுற்றிலும் விளிம்பு கட்டி மணல் நிரப்பினோம். முழங்கால் உள்ளே போக அடியில் இரண்டேகால் அடி இடம் விட்டோம். மற்ற பிள்ளைகளும் சுற்றி நின்று விளையாடுகிறார்கள். ஊஞ்சல் இன்னும் வெல்டிங் பட்டறையில் கிடக்கிறது.

போன வாரம் டீச்சர் கூப்பிட்டார். என் மகள் இரண்டு பேர் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாளாம். வீட்டில் கேட்டேன். "அவங்கதான் முதல்ல போட்டாங்க" என்றாள்.