பம்பலப்பிட்டியில் நான்கு பகரங்கள்

கொழும்பின் பழைய பெயர்ப்பலகைகளில் தூரிகையால் எழுதப்பட்ட தமிழைப் பின்பற்றி ஓர் எழுத்துருவை வரைந்து வருகிறேன். தூரிகை எழுத்துரு என்றதும் ஓரங்கள் பிசிறடித்த, பாதி காய்ந்த மையின் தோற்றமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் எஞ்சியிருக்கும் எனாமல் பலகைகளை அருகில் நின்று பார்த்தால், தேர்ந்த கையின் எழுத்தில் பிசிறு என்பதே கிடையாது. கோடு எங்கே தொடங்கியது, எந்தத் திசையில் இழுக்கப்பட்டது, எங்கே கை எடுக்கப்பட்டது என்பதைக் கொண்டே அது தூரிகையின் எழுத்து என்று அறிகிறோம்.

பகரத்தை எடுத்துக்கொள்வோம். பேனாவால் எழுதும்போது இடப்பக்கம் இறங்கி, அடியில் வலப்புறம் சென்று, கையை எடுக்காமலே மேலேறிவிடுகிறோம். தட்டைத் தூரிகை அப்படி மேலேறாது. மயிர் விரிந்து கோடு கெட்டுவிடும். பலகை எழுதியே வாழ்ந்த முதியவர் ஒருவர் என் வரைவுகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, பிரஷ்ஷைத் தள்ளக்கூடாது, இழுக்கோணும்" என்றார். ஆகவே வலப்பக்கக் கோட்டையும் மேலிருந்து இழுத்து அடிக்கோட்டோடு சேர்க்க வேண்டும். சேரும் மூலையில் உண்டாகும் சிறு தடிப்பை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ணகரத்தின் சுழிகளையும் ஒரே சுற்றாக இல்லாமல் இரண்டிரண்டு வளைவுகளாகவே பொருத்துகிறேன்.

கைவண்ணம் கொண்ட எழுத்துருவில் ஒரே வடிவம் அச்சொட்டாகத் திரும்ப வந்தால் அதன் உயிர் போய்விடும். கொழும்பின் ஒரு பகுதியான பம்பலப்பிட்டியின் பெயரை எழுதினால் பகர வடிவம் நான்கு முறை வருகிறது. வெள்ளவத்தையும் கொள்ளுப்பிட்டியும் இரட்டித்த எழுத்துகளால் ஆனவை. இதற்குத் தமிழே ஒரு வழி தந்திருக்கிறது: இரட்டிக்கும் இடத்தில் முன்னது மெய், பின்னது உயிர்மெய். அகர உயிர்மெய்யின் மேல் ஒரு புள்ளியை ஏற்றி மெய்யாக்கும் வழக்கத்தை விட்டு, 18 மெய்களையும் தனித்தனியே, புள்ளிக்கு இடம்விட்டுச் சற்றுத் தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் வரைகிறேன். புள்ளி, தூரிகை ஒருமுறை தொட்டு எடுத்த சாய்சதுரம். 'பம்ப' போன்ற இடங்களுக்கு மட்டும் எழுத்துருக் கோப்பு வடிவமான ஓப்பன்டைப்பின் சூழலுக்கேற்ற மாற்றுவடிவ வசதி தேவைப்படுகிறது.

உகர, ஊகார உயிர்மெய்கள்தான் இந்த வேலையின் பெரும்பகுதி. கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் அவற்றுக்கு இரண்டே குறிகள் இருந்தாலும், எழுத்துருவில் 36 வடிவங்களையும் ஒவ்வொன்றாக வரைந்தே ஆக வேண்டும். பு, யு, வு ஆகியவை தூரிகைக்கு இயல்பானவை. மேலிருந்து இழுத்த வலக்கோட்டை அடிக்கோட்டில் நிறுத்தாமல் இன்னும் கீழே விட்டால் போதும். கு, ரு, மூ போன்றவற்றில் கோடு வளைந்து திரும்புவதால் கையை இடையில் எடுத்தாக வேண்டும். எங்கே எடுப்பது என்பதை ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாகவே முடிவுசெய்கிறேன்.

இவ்வூர்ப் பலகைகளில் பெரும்பாலும் சிங்களம் மேலே, ஆங்கிலம் கீழே, தமிழ் நடுவே. நீண்டு இறங்கும் வால் ஆங்கில வரியைத் தொட்டுவிடும் என்பதால், நான் பார்த்த பலகைகளில் வாலைக் குறுக்கிப் பக்கவாட்டில் அகட்டியிருக்கிறார்கள். அந்த விகிதத்தையே எடுத்துக்கொண்டேன். மூ, ரூ இரண்டும் இன்னும் அதற்குள் அடங்கவில்லை. அவை அமைந்த பிறகே ஆங்கிலத்துக்கான லத்தீன் எழுத்துகளைத் தொடுவேன்.