பறக்கவிட அனுமதி இருந்தது, கொண்டுபோக இல்லை

ஒன்பது நாள் என் ட்ரோன் மொராக்கோவில் உள்ள டாஞ்சியர் துறைமுகத்தின் சுங்கக் கிடங்கில் கிடந்தது. திரும்பக் கைக்கு வந்துவிட்டதால்தான் இதை நிதானமாக எழுத முடிகிறது.

ஸ்பெயினில் சிக்கலே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்கள், முதலில் எந்த நாட்டில் பறக்கவிடப் போகிறார்களோ அங்கே இணையத்தில் பதிவு செய்தால் போதும். மற்ற உறுப்பு நாடுகளிலும் அது செல்லும். 250 கிராமுக்குக் கீழே இருந்தால் பதிவே வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. என்னுடையது 249 கிராம்தான், ஆனால் கேமரா இருப்பதால் பதிவு கட்டாயம். ட்ரோன் இயக்குபவர்களுக்கான தேர்வு எழுதுவதிலிருந்துதான் விலக்கு. பதிவு எண்ணை ட்ரோனில் ஒட்டும்போது, இறுதியில் சிறுகோட்டுக்குப் பின் வரும் மூன்று எழுத்துகளை விட்டுவிடுங்கள். அவை உங்களுக்கு மட்டுமான ரகசியக் குறியீடு.

ஸ்பெயினின் தென்கோடியில் இருக்கும் தரிஃபா கடற்கரையில் பறக்கவிட மிகவும் ஆசைப்பட்டேன். ஆனால் அது இயற்கைப் பூங்காப் பகுதி. இலையுதிர்காலத்தில் நாரைகளும் பருந்துகளும் கூட்டம் கூட்டமாக ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் கடக்கும் வழியும் அதுதான். பையைத் திறக்காமல், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக எனக்கு வருத்தமே இல்லை.

தவறு அதன் பிறகுதான் நடந்தது. மொராக்கோ செல்லும் கப்பலுக்கு டிக்கெட் வாங்கிய கவுன்டரில், ட்ரோன் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "கைப்பைதானே, தாராளமாகக் கொண்டுபோங்கள்" என்றார் அங்கிருந்தவர், தலை நிமிராமலே. நான் நாட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் கப்பலைப் பற்றிப் பதில் சொன்னார். முன் அனுமதி இல்லாமல் ட்ரோனை மொராக்கோவுக்குள் கொண்டுவரவே கூடாது. பறக்கவிடும் எண்ணம் இல்லை என்று சொன்னாலும் பயனில்லை. எங்கே பறக்கலாம், எவ்வளவு உயரம் என்றெல்லாம் வாரக்கணக்கில் படித்த நான், சுங்க விதியை ஒரு முறைகூடத் தேடவில்லை.

ஊடுகதிர் இயந்திரத்தில் பை சிக்கியது. சுங்க அலுவலர் கோபப்படவில்லை. நாட்டை விட்டுப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பிரெஞ்சு மொழியில் ரசீது எழுதினார். அங்கே நான் செய்த ஒரே நல்ல காரியம், பேட்டரி அறையைத் திறந்து, உள்ளே அச்சிட்டிருந்த வரிசை எண்ணை ரசீதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டதுதான். நடுவில் இருந்த 5, ரசீதில் ஆங்கில எஸ் ஆகியிருந்தது. சுட்டிக்காட்டியதும் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நினைவட்டையைக் கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன், அதற்கும் சம்மதித்தார். ஸ்பெயினில் எடுத்த படங்கள் முழுவதும் அதில்தான் இருந்தன.

ரசீதின் முழுப் பொருளும் எனக்கு உறைத்தது மராகேஷில் இருந்தபோதுதான். எங்கே ஒப்படைத்தோமோ அங்கேதான் திரும்பப் பெற முடியும். டாஞ்சியருக்கு இரண்டு துறைமுகங்கள் உண்டு: ஒன்று நகரத்திலேயே இருப்பது, மற்றது வெகு தொலைவில் உள்ள டாஞ்சியர் மெட். நான் இறங்கியது நகரத் துறைமுகத்தில். ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் துறைமுகத்துக்குத் திரும்ப நான் எடுத்திருந்த டிக்கெட்டோ மெட்டிலிருந்து. அந்த டிக்கெட்டைப் பணம் திரும்பாமலே விட்டுவிட்டு, நகரத் துறைமுகத்திலிருந்து தரிஃபாவுக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். மராகேஷிலிருந்து காசாபிளாங்கா, அங்கிருந்து அதிவேக ரயிலில் டாஞ்சியர் என்று ஒரு முழு நாள் போயிற்று.

கிடங்கில் இருந்தவர் வேறொரு அலுவலர். ரசீதை வாங்கினார், ட்ரோனைத் திருப்பிப் பிடித்து எண்ணைப் பார்த்தார், அடித்துத் திருத்திய இடத்தில் விரலை வைத்துச் சற்று நின்றார், பக்கத்திலிருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஐந்தே நிமிடம். அந்தக் கையெழுத்து மட்டும் இல்லாதிருந்தால் அன்றைய கப்பலையும் விட்டிருப்பேன்.

இதே வழியில் போகிறவர்கள் ட்ரோனை ஸ்பெயினில் தங்கும் விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள். பேட்டரிகளைத் தனியே எடுத்து, முனைகளில் டேப் ஒட்டி வையுங்கள். திரும்பி வரும் கப்பல் எந்த ஊரில் இறக்கிவிடுகிறதோ, அந்த ஊர் விடுதியாக அது இருக்கட்டும்.