ஒரு சொட்டு எண்ணெய், மூன்று ரிஜிஸ்டர்

லேத்துக்கு அடியில் ஹைட்ராலிக் ஆயில் கசிந்திருந்தது. தரப்பிரிவு ஆள் வந்து, பிரஷர் குறைந்தால் பீஸைப் பிடித்திருக்கும் சக்கின் பிடி தளரும், அளவு ஓடிவிடும் என்று எழுதினார். பாதுகாப்பு அலுவலர் வழுக்கி விழும் அபாயம் என்று எழுதினார். துடைத்த பனியன் வேஸ்ட்டைக் குப்பைக்கூடையில் பார்த்த சுற்றுச்சூழல் பிரிவு, அது 2016 கழிவு விதிகளின்படி அபாயக் கழிவாச்சே என்று தனியாக எழுதியது. சரி, கசிவைத் தடுக்கும் வளையமான ஆயில் சீலை யார் மாற்றுவது? அது எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை!

தரத்துக்கான ஐஎஸ்ஓ 9001, சுற்றுச்சூழலுக்கான 14001 என்ற சர்வதேசத் தரநிலைகள் இரண்டும் 2015-இல் ஒரே பத்துப் பிரிவு அமைப்புக்கு வந்துவிட்டன. 2018-இல் வந்த, பணியிடப் பாதுகாப்புக்கான 45001-க்கும் அதே எலும்புக்கூடுதான். உள் தணிக்கை மூன்றிலும் பிரிவு 9.2. அப்படியிருந்தும் எங்களிடம் மூன்று தணிக்கை, மூன்று தேதி, மூன்று தடவை டீ பிஸ்கட்.

இப்போது ஒரே படிவம். கசிவு, மூன்று விளைவு, ஒரே பொறுப்பாளர், அவர் பராமரிப்புக்காரர்.

ஆனால் எது எவ்வளவு ஆபத்து என்று போடும் அபாய மதிப்பெண்ணை மட்டும் ஒன்றாக்க நான் விடவில்லை. அளவு தப்பிய பீஸைச் சில சமயம் வாடிக்கையாளரே ஒத்துக்கொண்டு வாங்கிக்கொள்வார். விரல் போனால் யாரிடம் ஒப்புதல் கேட்பது? இதற்காக மேனேஜரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். அப்புறம், சீல் விலை முந்நூறு ரூபாய்கூட இல்லை.